நண்டின் கண் சொன்ன கணக்கு

கண் ஒரு கேமரா மாதிரி என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறதே, விழித்திரையும் ஃபிலிம் மாதிரிதானா என்று என் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள். அவள் மகள் ஆப்டோமெட்ரி படிக்கிறாள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். லென்ஸ் வரைக்கும் கேமரா சரி. அதற்கு மேல் அந்த உவமை செல்லாது. அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு கடல் பிராணி.

அமெரிக்காவில் ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் என்றொரு விஞ்ஞானி. 1903இல் பிறந்தவர். அப்பா, ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். நம்ம ஜாதி! மகன் மருத்துவம் படித்தாரே தவிர வைத்தியம் பார்க்கப் போகவில்லை. மாசசூசெட்ஸ் கடற்கரையில் வுட்ஸ் ஹோல் என்ற ஊரில் ஒரு கடல் உயிரியல் ஆய்வகம் உண்டு. அங்கே லாட நண்டைப் பிடித்துக்கொண்டார். பெயர்தான் நண்டு; உறவு முறையில் சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருக்கம். அதன் கூட்டுக்கண்ணில் ஆயிரத்தை ஒட்டிய சிறுகண்கள். பார்வை நரம்பு நீளமானது. பிரித்து ஒற்றை இழையை எடுத்துவிடலாம். 1932இல் அவரும் கிளாரன்ஸ் கிரஹாமும் அப்படி எடுத்து, ஒரே இழையில் ஓடும் மின்துடிப்புகளைப் பதிவு செய்தார்கள். வெளிச்சம் கூடினால் துடிப்பும் கூடியது. இதுவரை ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு முரண்டு. சோதனைக்கு எடுத்த சிறுகண்மேல் ஒளி விழுந்துகொண்டிருக்கும்போது அறை விளக்கின் வெளிச்சமும் சேர்ந்தால், துடிப்பு கூடுவதற்குப் பதில் குறைந்தது! இன்னொருவராக இருந்தால் "கருவியில் கோளாறு" என்று விளக்கை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். ஹார்ட்லைன் அதை விடாமல் துரத்தினார். அறை வெளிச்சம் பக்கத்துச் சிறுகண்களைத் தூண்டுகிறது. அவை இந்தச் சிறுகண்ணை அடக்குகின்றன. இது அவற்றை அடக்குகிறது. கிட்டே இருப்பவை அதிகம் அடக்கும், தள்ளி இருப்பவை குறைவாக. இதற்குப் பக்கவாட்டுத் தடுப்பு என்று பெயர். 1950களில் ஃபிளாய்ட் ராட்லிஃபோடு சேர்ந்து இதைச் சமன்பாடாகவே எழுதினார்.

ஒருவரை ஒருவர் அடக்கி என்ன லாபம்? பேனாவை எடுங்கள். வரிசையாக ஆறு சிறுகண்கள். இடப்புறம் மூன்றில் நல்ல வெளிச்சம், தலா 10. வலப்புறம் மூன்றில் மங்கல், தலா 5. ஒவ்வொன்றும் தன் இரு பக்கத்தாரின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளட்டும். வரிசை இரு பக்கமும் அப்படியே நீள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். விடை: 8, 8, 8.5, அடுத்து 3.5, 4, 4. எல்லையின் வெளிச்சப் பக்கம் தூக்கலாகிவிட்டது, மங்கல் பக்கம் இன்னும் இறங்கிவிட்டது. ஒரே மாதிரி இருக்கும் இடத்தைப் பற்றிக் கண் அதிகம் பேசுவதில்லை. மாறுகிற இடத்தைத்தான் சத்தமாகச் சொல்கிறது. எர்ன்ஸ்ட் மாக் 1865இலேயே, வெறுமனே ஒளிப்பட்டைகளைப் பார்த்து, விழித்திரையில் இப்படித்தான் ஏதோ நடக்கவேண்டும் என்று ஊகித்துவிட்டார். நிரூபிக்க முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நண்டு சரி, நம்மைப் போன்ற பாலூட்டி? அங்கே வருகிறார் எனக்குப் பிடித்தவர், ஸ்டீஃபன் கஃப்ளர். ஹங்கேரியில் பிறந்து, வியன்னாவில் மருத்துவம் படித்து, 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது வெளியேறியவர். சிட்னி வழியாக அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தார். பூனையின் விழித்திரையில் கேங்லியான் செல் ஒன்றைக் கேட்டுக்கொண்டே சின்ன ஒளிப்பொட்டை அங்கே இங்கே நகர்த்தினார். நடுவில் பட்டால் செல் படபடவென்று துடித்தது. சுற்று வளையத்தில் பட்டால் அடங்கியது. வேறு சில செல்கள் நேர் எதிர்: நடுவில் ஒளி பட்டால் அடங்கும், வளையத்தில் பட்டால் துடிக்கும். மொத்தமாக ஒளியை நிரப்பினால் இரண்டும் சுரத்தில்லாமல் போயின. 1953இல் வெளியிட்டார். அதே ஆண்டு, டார்வினின் கொள்ளுப்பேரன் ஹொரேஸ் பார்லோ தவளையின் கண்ணிலும் இத்தகைய சுற்றுத்தடுப்பைக் காட்டினார்.

நம் கண் ஒவ்வொன்றிலும் ஒளி வாங்கும் செல்கள் சுமார் 10 கோடி. மூளைக்குப் போகும் நரம்பிழைகளோ சுமார் 10 லட்சம். இவ்வளவு குறுகலான வழியில் அத்தனையும் போகாது. விழித்திரையே வடிகட்டித்தான் அனுப்பியாக வேண்டும்.

1967இல் ஹார்ட்லைனுக்கு நோபல் பரிசு கிடைத்தது, கிரானிட், வால்டு இருவரோடும். கஃப்ளருக்குக் கடைசிவரை இல்லை. அவர் கூடத்தில் வேலையைத் தொடங்கிய ஹியூபலும் வீஸலும், அவர் காட்டிய வழியிலேயே மூளை வரை போய், 1981இல் பரிசு வாங்கினார்கள். கஃப்ளர் அதற்கு முந்தைய ஆண்டே வுட்ஸ் ஹோலில் காலமாகிவிட்டார். இறந்தவருக்கு அந்தப் பரிசு தருவதில்லை. உயிரோடு இருந்தபோதே கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

பெயிண்ட் கடை ஷேட் கார்டு கையில் கிடைத்தால் பாருங்கள். ஒரே நிறம் படிப்படியாக அடர்ந்து, பட்டைகள் இடைவெளியின்றி ஒட்டியிருக்கும் கார்டாக இருக்கட்டும். ஒவ்வொரு பட்டையும் ஒரு ஓரம் வெளுத்தும் மறு ஓரம் கறுத்தும் தெரியும். பிறகு இரண்டு வெள்ளைத்தாளால் இருபக்கத்துப் பட்டைகளையும் மறையுங்கள். நடுப்பட்டை முழுக்க ஒரே நிறமாகிவிடும். செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.