கேட்பவரும் கேளாதவரும்

வறியோர்க்கு உதவுவதைக் குறிக்க ஈகை, கொடை, தருமம் எனத் தமிழில் பல சொற்கள் உள. இவையெல்லாம் கொடுப்பவரின் பக்கம் நின்று பேசும் சொற்கள். திருமறையோ பெறுபவரின் பக்கம் நின்று பேசுகிறது. செல்வரின் உடைமையில் இருவகையார்க்கு ‘ஹக்’, அதாவது உரிமை உண்டென அது கூறுகிறது. அவ்விருவருள் ஒருவர் ‘ஸாயில்’, வாய்திறந்து கேட்பவர். மற்றவர் ‘மஹ்ரூம்’, இல்லாமையில் வாடியும் நாணத்தால் கேளாதவர். கேளாமையாலேயே அவரை வசதியுள்ளவர் என எண்ணிப் பிறர் கடந்து போகின்றனர் என விரிவுரையாளர் பலர் விளக்கம் தருவர்.

கேட்பவரின் கையில் ஒரு பிடி அரிசியை இடுவது எளிது. கேளாதவரின் வீட்டு அடுப்பு எரியாததை அறிவது எப்படி? பொது உதவியின் வரலாறு முழுவதும் இவ்வொரு வினாவைச் சுற்றியே நடந்திருக்கிறது. நெல்லுக்குப் பெயர்பெற்ற நம் தஞ்சைத் தரணியின் வரலாறும் இதற்கு விலக்கன்று.

ஹளரத் உமர் (ரலி) அவர்கள் காலத்து நிகழ்ச்சி ஒன்றை முதலில் நினைவுகூர்வோம். பைத்துல்மாலிலிருந்து மக்களுக்கு உதவித்தொகை வழங்கப் பெயர்ப்பதிவேடு ஒன்றை அவர்கள் ஏற்படுத்தினார்கள். பால்குடி மறந்த குழந்தைகளுக்கே தொகை என்பது தொடக்கத்தில் இருந்த விதி. ஓர் இரவு நகர்வலம் வந்தபோது குழந்தை ஒன்று ஓயாது அழுவதைக் கேட்டுத் தாயிடம் காரணம் வினவினார்கள். தம்மிடம் பேசுபவர் கலீஃபா என்பதை அறியாத அத்தாய், உதவித்தொகைக்காகப் பாலை முன்னதாகவே நிறுத்த முயல்வதாகச் சொன்னாள். மறுநாளே, பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் தொகை உண்டு என்ற அறிவிப்பு வெளியாயிற்று. உதவிக்கு விதிக்கப்படும் ஒரு நிபந்தனை, உதவி பெறவேண்டியவரையே வருத்தக்கூடும் என்பதை அந்த இரவு உணர்த்திற்று.

மருத்துவத்திலும் இந்நோக்கு தொடர்ந்தது. கி.பி. 1284இல் எகிப்தின் சுல்தான் கலாவூன் காஹிராவில் நிறுவிய மன்சூரி மருத்துவமனை, ஆண் பெண், செல்வர் வறியர் என்ற வேறுபாடின்றி அனைவர்க்கும் திறந்திருந்தது. குணமடைந்து வீடு திரும்புவோர் உடனே கூலிவேலைக்கு ஓடவேண்டாம் என்பதற்காகக் கையில் பணமும் கொடுத்தனுப்பினர். நோயால் நின்றுபோன வருவாயும் நோயின் செலவே என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

இனி நம் காவிரிக்கரைக்கு வருவோம். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பெருவழியில் சத்திரங்கள் பல அமைத்தனர். நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரமும் ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரமும் அவற்றுள் பெயர்பெற்றவை. நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாராவை எழுப்பிய பிரதாபசிம்ம மன்னர் இம்மரபினரே. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் நிருவாகம் கும்பினியாரிடம் சென்றது. அதன்பின், 1801இல், இரண்டாம் சரபோஜி மன்னர் தஞ்சை ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில் சத்திரங்களின் பணியை விரித்துரைத்தார். எச்சாதியாராயினும் வந்தவர்க்குச் சோறு, கைக்குழந்தைக்குப் பால், நோயுற்றோர்க்கு வைத்தியரும் மருந்தும், கருவுற்ற பெண்டிர்க்குத் தனிக் கவனிப்பு, அங்கேயே உயிர்நீத்தால் அவரவர் வழக்கப்படி இறுதிக்கடன். நீர் யாவர், உம் வருவாய் என்ன என்று கேட்டுச் சோறிடும் வழக்கம் அங்கு இல்லை.

ஆயினும் சத்திரத்துக்கு இரு குறைகள் இருந்தன. அது பெருவழியில் நின்றது. வழிப்போக்கர் பசியறியாது சென்றனர். தெருக்கோடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடந்த கைம்பெண்ணை அது அறியவில்லை. மற்றொன்று, அது மன்னரின் மனத்தையும் மானியத்தையும் நம்பி நின்றது. 1855இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண்வாரிசின்றி மறைந்ததும் ஆங்கிலேயர் தஞ்சை அரசை இணைத்துக்கொண்டனர். சத்திரங்கள் எஞ்சின, அவற்றின் அரசர் எஞ்சவில்லை.

அடுத்து வந்தது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பெரும்பஞ்சம். காவிரிப் பாசனம் தஞ்சையை ஓரளவு காத்தது. ஆனால் வணிகத்தில் தலையிடுவதில்லை என்பது அரசின் கொள்கையாதலின் தானியம் விலை கிடைத்த இடத்துக்கெல்லாம் சென்றது. விலை ஏழையின் கைக்கு எட்டாத உயரத்தில் நின்றது. நெல் விளைவதும் ஏழை உண்பதும் வேறுவேறு என்பது அப்போது புலனாயிற்று. 1877இல் அரசுப் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் மண் சுமப்பவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறுகாசுமே போதும் என வரையறுத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். ஊரைவிட்டுத் தொலைவில் சென்று கடும் உழைப்புக்கு இணங்குபவனே மெய்யான ஏழை என்பது அக்கால அதிகாரிகளின் தேர்வுமுறை. அத்தேர்வில் தோற்றவர்கள் வசதியுள்ளவர்கள் அல்லர். நடக்க இயலாதவர்களும் நாணமுள்ளவர்களுமே.

இருபதாம் நூற்றாண்டில் நிலை மாறலாயிற்று. 1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட, ரங்கூன் அரிசியின் வரவு நின்றது. மறு ஆண்டில் சென்னை நகரில் பங்கீட்டுமுறை வந்தது. 1952இல் இராஜாஜி கட்டுப்பாடுகளை நீக்கினார். ஆனால் அறுபதுகளில் பற்றாக்குறை மீண்டும் வாட்டியது. அரிசியே 1967 தேர்தலின் பெரும் பேச்சாயிற்று. வெற்றிபெற்ற அண்ணா, ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்பதை முதற்கண் சென்னையிலும் கோவையிலும் நடைமுறைப்படுத்தினார். 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. குறுவையும் சம்பாவும் அறுவடையாகும் காலத்தில் அதன் நேரடிக் கொள்முதல் நிலையங்களுக்கு நம் வட்டாரத்து நெல் சென்று, அரிசியாகி, மாநிலமெங்கும் ரேஷன் கடைகளை அடைகிறது. 1877இல் விலையைத் தேடி ஓடிய நெல், இன்று குடும்ப அட்டையைத் தேடிச் செல்கிறது.

இவ்வரலாற்றின் திருப்புமுனை 1997. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர், மேலுள்ளோர் என மக்களைப் பிரித்து வழங்கும் முறையை அவ்வாண்டில் நடுவணரசு கொண்டுவந்தது. தமிழ்நாடு அப்பிரிவினையை ஏற்காது அனைவர்க்கும் பொதுவான முறையைத் தொடர்ந்தது. வேண்டுவோர் எவரும் அரிசி அட்டை பெறலாம் என்ற நிலை நீடித்தது. 2011 சூன் முதல் அவ்வரிசி விலையின்றி வழங்கப்படலாயிற்று. வசதியுள்ளவனும் வாங்குகிறானே என்று குறை கூறுவோர் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அனைவரும் நிற்கும் வரிசையில் நிற்பதற்கு எவரும் நாணுவதில்லை. ‘நான் ஏழை’ என மெய்ப்பிக்கவேண்டிய கடமை நீங்கும்போதுதான் மஹ்ரூமின் கை நீள்கிறது.

மருத்துவமும் எரிபொருளும் இதே பாதையில் வந்தன. தஞ்சையிலுள்ள இராசா மிராசுதார் மருத்துவமனையின் பெயரே அதற்குப் பொருள் ஈந்தவர் யாவர் என்பதைச் சொல்லும். 1959இல் தொடங்கிய தஞ்சை மருத்துவக் கல்லூரியோ அரசுக் கல்லூரி. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2016 மே முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படலாயிற்று. இதற்கு மனு எழுதவேண்டியதில்லை, கணக்கீட்டிலேயே கழிந்துவிடும். காப்பீட்டுக்கோ வருமான வரம்பும் சான்றும் உண்டு. 2023 செப்டம்பரில் மகளிர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கிய திட்டத்திற்கு ‘உரிமைத் தொகை’ என்றே பெயரிட்டனர். ‘ஹக்’ என்பதன் நேர் தமிழ் அது. ஆயினும் அதற்கும் மனுவும் தகுதி விதிகளும் வைக்கப்பட்டன. 2025இல் தொடங்கிய தாயுமானவர் திட்டம், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் வாயிலுக்கே ரேஷன் பொருளைக் கொண்டுசெல்ல முற்பட்டது. பெருவழியில் நின்ற சத்திரம் தெருக்கோடி வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கியதாக இதனைக் கொள்ளலாம்.

நம் ஊர்களின் நிலை என்ன? நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, ஐயம்பேட்டை போன்ற ஊர்களில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தால் எழுந்த மாடிவீடுகள் உள. அவற்றைக் காண்போர் இவ்வூர்களில் வறுமை இல்லையென எண்ணுவர். சம்பாத்தியம் நின்றுபோன வீட்டிலும் மாடி அப்படியே நிற்கும். தலாக் பெற்றுத் தாய்வீடு திரும்பிய பெண்ணின் பெயர் பழைய அட்டையிலேயே கிடக்கும். இத்தாவில் இருக்கும் பெண் கைரேகை வைக்கக் கடைக்குச் செல்லத் தயங்குவாள். நீண்ட நாள் தேய்ந்த முதியவரின் விரலை இயந்திரம் ஏற்காது. இவர்கள் அனைவரும் மஹ்ரூம்களே. இவர்களுக்குரியது சட்டத்தில் இருக்கிறது, கையில் இல்லை.

அரசின் பொருளைப் பெறுவது பேணுதலுக்கு முரணாகுமோ என ஐயுறும் முதியோரை நான் கண்டிருக்கிறேன். பைத்துல்மால் பொதுப்பொருள், அதில் குடிமகனுக்குப் பங்கு உண்டு. உமர் (ரலி) அவர்கள் காலத்துத் தாய் பெற்றது பிச்சையன்று. வரி செலுத்தும் நாட்டில், உரிய விதிப்படி, உண்மை சொல்லிப் பெறுவதும் பிச்சையன்று. பொய்ச் சான்று காட்டிப் பிறர் பங்கை எடுப்பதே இழுக்கு.

ஜகாத்தும் ஸதகாவும் நம் கைகளால் ஆகவேண்டியவை. அவற்றுக்கு அரசுத் திட்டம் ஈடாகாது. அதுபோலவே, அரசு தரக் காத்திருப்பதைப் பெற்றுத்தராது நோன்புக்கால அரிசிப்பையோடு நம் கடமை முடிந்ததாகக் கொள்வதும் பொருந்தாது. மஹல்லா ஜமாஅத்துகளில் நிக்காஹ் பதிவேடு இருக்கிறது. சந்தாப் பதிவேடு இருக்கிறது. குடும்ப அட்டையில் பெயரில்லாதோர், காப்பீட்டு அட்டை பெறாதோர், கைரேகை பதியாதோர் ஆகியோரின் பெயர்களுக்கும் ஒரு பதிவேடு திறக்கப்படட்டும். எழுத்தறிந்த நம் இளைஞரும் பெண்மக்களும் மாதத்தில் ஒரு நாள் அவ்வீடுகளுக்குச் சென்று மனுவை எழுதிக் கொடுக்கட்டும். கேளாதவரின் கதவை முதலில் தட்டவேண்டியவர் பக்கத்து வீட்டுக்காரரே.