கேட்க மறந்த கேள்வி

இன்டர்வியூ முடிவில் "நீங்க ஏதாவது கேக்கணுமா?"ன்னாங்க. "இல்ல சார்"னு எழுந்து வந்தவன் நான். மூணு வருஷ பாண்டுல கையெழுத்து போட்டப்புறம்தான் முழிச்சேன்.

நேட்டால் கதை தெரியுமில்ல? 1860-ல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து நம்மாட்களை டர்பனுக்குக் கொண்டுபோனது. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலி. ஆரம்பச் சம்பளம் மாசம் 10 ஷில்லிங்.

ஒப்பந்தம் முடிஞ்சா? 1895-ல் ஒரு சட்டம் போட்டாங்க. அதுக்கப்புறம் வந்தவங்க, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காம, ஊர் திரும்பாம அங்கேயே தங்கினா வருஷத்துக்கு 3 பவுண்டு வரி. அதாவது ஆறு மாச ஆரம்பச் சம்பளம்! 1913-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்து, 1914-ல்தான் அந்த வரி ஒழிந்தது.

பாவம், அவங்க யாரைக் கேட்பாங்க? நம்மளைத்தான் கேளுங்கன்னு சொல்றாங்களே. சம்பளத்தோட நிறுத்தாதீங்க மக்கா. "நடுவுல விட்டா என்ன? முடிஞ்சப்புறம் என்ன?" இதையும் கேட்டுடுங்க.