கொற்கையும் கொல்கோயும்: ஒன்றா, இரண்டா?

முதலாம் நூற்றாண்டில் செங்கடல் பயண நூலை எழுதிய கிரேக்க வணிகர், பாண்டியரின் முத்துக்குளிப்புத் துறையைக் கொல்கோய் என்றழைத்தார். தாமிரபரணிக் கழிமுகத்தருகேயுள்ள கொற்கையே அதுவென, இடையன்குடியில் ஊழியஞ்செய்த கால்டுவெல் அத்தியட்சர் 1881இல் வெளியான தமது திருநெல்வேலிச் சரித்திரத்தில் எடுத்துக்காட்டினார். ஆற்று வண்டலால் கடல் விலகவே, பழந்துறைமுகம் உள்நாட்டுச் சிற்றூராயிற்று என்றும் விளக்கினார்.

இங்கே தத்துவ வினா ஒன்று எழுகிறது. இவ்விரண்டும் ஒன்றாயிருப்பது தற்செயலா, அவசியமா? இதனை ஆய்ந்தே அறிந்தோம், ஆய்வு பிழைபடவுங்கூடும். ஆகவே, அவை வேறு வேறாகவும் இருந்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. இத்தகைய எண்ணம் மயக்கமே என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் சால் கிரிப்கி 1970இல் தம் பிரின்ஸ்டன் விரிவுரைகளில் வாதித்தார். அவர் வழிநின்று நோக்குவோம். கிரேக்கர் வேறு பெயர் இட்டிருக்கலாம், கடல் விலகாதிருந்திருக்கலாம், இவை தற்செயலானவை. ஆனால் இரு பெயர்களும் ஓரூரையே சுட்டுமாயின், அவ்வூர் தன்னினின்று வேறாயிருத்தல் எங்ஙனம் கூடும்?

ஐயம் நம் அறிவில் உள்ளது, பொருளில் இல்லை. சபைச் சரித்திரம் எழுதுவோர் பழைய ஏட்டின் பெயரொன்றை ஓர் ஊரோடோ ஆளோடோ இணைக்கையில், "இருக்கலாம்" என்றெழுதத் தயங்கவேண்டா. அச்சொல் நம் சான்றின் அளவைக் காட்டுவது. உண்மையை நாம் ஆக்குவதில்லை, கண்டறிகிறோம்.