ஒற்றைக்கட்டு அமைப்பு (மென்பொருள்)

ஒரு மென்பொருளின் எல்லாப் பணிகளையும் ஒரே நிரல்தொகுப்பாக எழுதி, ஒன்றாகவே வெளியிடும் முறை. தொடக்க நிறுவனங்களுக்கு இதுவே ஏற்றது. 2010இல் கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் சென்னையில் தொடங்கிய வாடிக்கையாளர் சேவை மென்பொருளான ஃப்ரெஷ்டெஸ்க், ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற நிரல் சட்டகத்தில் இவ்வாறே உருவானது. வாடிக்கையாளர் பெருகிய பிறகே தரவுத்தளத்தைப் பல துண்டுகளாகப் பிரித்தது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாறிய அந்நிறுவனம் 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. ஒற்றைக்கட்டு நிரலை வளர்ந்தபின் பிரிப்பது கடினம் என்பர் சிலர். அது உண்மையே; ஆயினும் பயனர் தேவை தெளியுமுன் நுண்சேவைகளாக, அதாவது தனித்தனியே இயங்கும் சிறு நிரல்களாக, பிரித்தால் எல்லைகள் தவறாக அமையக்கூடும், தனித்தனியே வெளியிட்டுக் கண்காணிக்கும் சுமையும் கூடும். நிரலுக்குள்ளேயே பகுதிகளைத் தெளிவாக வகுத்து, தானியங்கிச் சோதனையுடன் சிறு மாற்றங்களை அடிக்கடி வெளியிட்டால் பிழை விரைவில் தெரியும்; பின்னர் பிரிப்பதும் எளிதாகும். புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களில் இரண்டு மூன்று பேராகத் தொடங்கும் குழுக்களுக்கு ஒற்றைக்கட்டு முறையின் சிக்கனம் இன்றியமையாதது.