மரத்தடியில் நால்வர்

தாம்பரம் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில், மரத்தடியில் நான்கு பேர் தரையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தால் நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டீர்கள். அதே காட்சி ஹாலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்டுக்கு (1606–1669) ஒரு விவிலியக் கதையையே புதிதாகக் காட்டியது!

ரெம்பிராண்ட் இந்தியாவைக் கண்டவரல்லர். ஆனால் டச்சு வணிகர்களின் வழியாக மொகலாயச் சிற்றோவியங்கள் ஆம்ஸ்டர்டாம் சென்றன. அவற்றைப் பார்த்து அவர் வரைந்த படங்களில் இருபதுக்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. அக்பர், ஜஹாங்கீர், ஷாஜஹான் எல்லோரும் அவற்றில் உண்டு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள ஒன்றில், முதியவர் நால்வர் மரத்தடியில் அமர்ந்திருக்கின்றனர்.

மொகலாய ஓவியனின் கோடு மயிரிழை போன்றது; ஒளி எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கும். ரெம்பிராண்டோ பேனாவால் விரைந்து கீறி, நீர்த்த பழுப்பு மையைத் தூரிகையால் தடவி நிழலை உண்டாக்கினார்.  மை படாத தாளும் ஒளியாயிற்று.

1656-இல் இந்த நால்வரே ஆபிரகாம் கதைக்குள் புகுந்தனர். முதியவரான ஆபிரகாமிடம் விருந்தினராக வந்த மூவர், அவர் மனைவி சாராளுக்கு மகன் பிறப்பான் என்கின்றனர். இவ்விருந்தினரை நாற்காலி மேசையில் அமர்த்துவதே ஐரோப்பிய ஓவியரிடையே பெருவழக்கு. ரெம்பிராண்ட் தரையில் அமர்த்தினார். பந்திப்பாய் விரித்துப் பழகிய நமக்கு இதில் என்ன வியப்பு?

இது செப்புத் தகட்டு அச்சுப்படம். தகட்டில் மெழுகு பூசி ஊசியால் கீறினால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் தங்கும் மையே தாளில் கோடாகப் பதியும். கோடுகளை நெருக்கினால் இருள், விலக்கினால் வெளிச்சம்.

கதவோரத்து நிழலில் சாராள் ஒட்டுக் கேட்கிறாள். ஆனால் என் கண் நிலைப்பது வேறொருவனிடம். நமக்கு முதுகைக் காட்டி வில்லோடு விளையாடுகிறான் ஒரு சிறுவன். ஆபிரகாமுக்குப் பணிப்பெண் ஆகாரிடம் பிறந்த இஸ்மவேல் அவன். பிறக்கவிருக்கும் ஈசாக்கின் பொருட்டுப் பின்னாளில் தாயோடு பாலைவனத்துக்குத் துரத்தப்படப் போகிறவன். விருந்தினர் பேச்சு அவன் காதில் விழவில்லை.

அதே 1656-இல் ரெம்பிராண்ட் கடனில் மூழ்கி நொடித்துப் போனார். அவர் வீட்டுப் பொருள்களின் பட்டியலில் சிற்றோவியத் தொகுப்பு ஒன்றும் இருந்தது. அது இந்தியப் படங்களாகவே இருந்திருக்கும் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. பொருள்கள் ஏலத்துக்குப் போயின.