ஸ்கானில் தெரியாத காயம்

எறிகணை வீச்சில் தலையில் அடிபட்டவர்களின் வீடுகளில் நான் பலமுறை கேட்ட கேள்வி: "ஸ்கானில் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு ஏன் இவருக்கு இந்த மறதி?" விடையின் ஒரு பகுதி நரம்புக்கலத்துக்குள் இருக்கிறது.

நரம்புக்கலம் தனது புரதங்களில் பெரும்பாலானவற்றைக் கலவுடலில் தயாரிக்கிறது. அவை அக்சன் எனும் மெல்லிய இழை வழியாக முனைக்குப் போகவேண்டும். முள்ளந்தண்டிலிருந்து பாதத்துக்குச் செல்லும் இழை ஏறத்தாழ 1 மீற்றர் நீளமானது. இழைக்குள் நுண்குழாய்கள் தண்டவாளம்போல் கிடக்கின்றன. 1985இல் கண்டறியப்பட்ட கைனசின் என்ற புரதம் சரக்கை முனைநோக்கி இழுக்கிறது. டைனின் என்ற புரதம் பழையவற்றைக் கலவுடலுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. வேகமான சரக்கு நாளொன்றுக்கு 400 மில்லிமீற்றர் வரை நகரும்.

தலை பலமாகக் குலுங்கினால் நுண்குழாய்கள் உடையலாம். தண்டவாளம் இல்லாதபோது யாழ்தேவி யாழ்ப்பாணம் வரவில்லை, இங்கும் அப்படித்தான். சில மணித்தியாலங்களுக்குள் அமிலோயிட் முன்னோடிப் புரதம் அவ்விடத்தில் தேங்குகிறது. இழை வீங்கி, பின்னர் அறுந்தும் போகலாம். இச்சேதம் மிக நுண்ணியது என்பதால் சி.ரி. ஸ்கானில் பெரும்பாலும் தெரிவதில்லை. அல்சைமர் நோயிலும் இப்பாதை கெடுகிறது: நுண்குழாயைத் தாங்கும் டௌ புரதம் கழன்று முடிச்சாகிறது.

எல்லா மறதிக்கும் இதுவே காரணமல்ல. மன வடுவும் மறதி தரும். அறுந்த இழையை மீட்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் மறதிக்கும் மந்தத்துக்கும் எரிச்சலுக்கும் பயிற்சியும் சிகிச்சையும் உண்டு. ஆண்டுகள் கடந்திருந்தாலும், தலையில் அடிபட்ட விபரத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.