நக்கீரருக்கு மார்க் போட்ட பேசாத பிள்ளை

நக்கீரர்னு சொன்னதும் நமக்கெல்லாம் திருவிளையாடல் படம்தான் ஞாபகம் வரும். தருமி, ஆயிரம் பொன், நெற்றிக்கண்.

ஆனா அதே நக்கீரர் எழுதினதுக்கு இதே மதுரையில ஒருத்தர் மார்க் போட்ட கதை பலருக்குத் தெரியாது. மார்க் போட்டவருக்கு வயசு 5. பேச்சு வராது.

கொஞ்சம் நீளமான த்ரெட். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரங்க கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

இறையனார் களவியலின் பழைய உரையிலேயே இந்தக் கதை இருக்கிறது. பாண்டிய நாட்டில் 12 வருடம் பஞ்சம். பஞ்சம் முடிந்து பார்த்தால் பொருளிலக்கணம் தெரிந்த புலவர் ஒருத்தரும் மிச்சமில்லை. ஆலவாய் இறைவனே 60 சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதி வைத்ததாகச் சொல்கிறார்கள். அதற்கு ஆளாளுக்கு ஓர் உரை எழுதிவிட்டு, எது மெய்யுரை என்று சண்டை.

தீர்ப்புச் சொல்ல வந்தவன் உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன். வெள்ளை உடுத்தி, வெள்ளைப் பூச் சூட்டி, பலகையில் ஏற்றி உட்கார வைத்தார்கள். புலவர்கள் ஒவ்வொருவராக வாசித்தார்கள். பிள்ளை முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மருதன் இளநாகனார் வாசித்தபோது அங்கங்கே கண்ணீர், மயிர்க்கூச்சம். நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர், உடம்பெல்லாம் சிலிர்ப்பு. அதுதான் தீர்ப்பு. வாயால் ஒரு வார்த்தை கிடையாது.

டாக்டர் புத்தி சும்மா இருக்குமா? அந்த உரை பிள்ளையின் தோற்றத்தையும் சொல்கிறது: பசுமையான கண், புல்லிய முடி, பேச்சில்லை. வெளிர்நிறக் கண், நிறம் மாறிய முடி, பிறவியிலேயே காது கேளாமை மூன்றும் சேர்ந்து வரும் ஒரு மரபணுக் கோளாறு உண்டு. 1951ல் அதை விவரித்தவர் வார்டன்பர்க் என்ற டச்சுக் கண் மருத்துவர். சரி, முருகனே அப்படிப் பிறந்தார் என்று சொல்லும் கதைக்கு நான் ஓ.பி. சீட்டு எழுதப் போவதில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. அந்தப் பிள்ளைக்குக் காதே கேட்காமல் இருந்தால், உடம்பு சிலிர்த்திருக்குமா?

சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் தவிலுக்குப் பக்கத்தில் நின்றிருப்பீர்கள். தொப்பிப் பக்கம் அடி விழும்போது நெஞ்சும் அடிவயிறும் அதிரும். அது காது வழியாக வருவது மட்டும் இல்லை. தோலுக்கு அடியில் பசீனியன் கார்பசல் என்று அதிர்வை உணரும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. விநாடிக்கு 250 அதிர்வு வாக்கில் அவை ரொம்பக் கூர்மை.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீன் ஷிபாட்டா, காது கேளாதவர்களின் கையில் அதிர்வைக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்த முடிவை 2001ல் வெளியிட்டார். கேட்பதற்கென்று இருக்கும் மூளைப் பகுதி வேலை செய்தது. காது அனுப்பாத வேலையை அது தோலிடமிருந்து வாங்கிக்கொள்கிறது.

ஸ்காட்லாந்தின் எவலின் க்ளெனி இதற்கு நல்ல உதாரணம். 8 வயதில் கேட்கும் திறன் குறைய ஆரம்பித்து, 12 வயதுக்குள் ஏறக்குறைய முழுதாகப் போய்விட்டது. அவருடைய ஆசிரியர் டிம்பனி முரசை அடித்து, சுவரில் கை வைத்து உணரச் சொல்லிப் பழக்கினார். கீழ் ஸ்தாயி காலில் தெரியும், மேல் ஸ்தாயி முகத்தில், கழுத்தில் தெரியும் என்கிறார். பெரும்பாலும் வெறுங்காலோடுதான் மேடை ஏறுவார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் வாசித்தவர்.

இங்கதான் கவனிக்கணும். தோல் சுமார் 1000 அதிர்வு வரைதான் பிடிக்கும். 'ஸ' மாதிரி எழுத்துகளின் ஒலி 4000க்கு மேல். தாளம் உடம்புக்குப் புரியும். பேச்சு புரியாது.

பீத்தோவனை எடுத்துக்குங்க. 1824ல் வியன்னாவில் ஒன்பதாவது சிம்பொனி அரங்கேறியபோது கைதட்டல் அவருக்குக் கேட்கவில்லை. பாடகி ஒருவர் அவரைத் திருப்பி நிறுத்திக் காட்ட வேண்டியிருந்தது. கடைசிக் காலத்தில் பார்க்க வருபவர்கள் நோட்டில் எழுதிக் கேட்பார்கள், அவர் வாயால் பதில் சொல்வார். அந்த நோட்டுகளில் பல இன்றும் இருக்கின்றன. அதில் பெரும்பாலும் கேள்விதான் இருக்கும், பதில் காற்றோடு போச்சு! ஆனால் அவருக்குக் காது மங்கத் தொடங்கியதே 25 வயதுக்கு மேல். மொழியும் இசையும் அதற்குள் மூளையில் குடியேறிவிட்டன. க்ளெனிக்கும் பேச்சு வந்த பிறகுதான் காது போனது.

பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு அந்தச் சேமிப்பு இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், குழந்தையைக் கூட்டி வருகிற அம்மாக்கள் சொல்வது இது: "கதவைச் சாத்தினா திரும்புறான் சார், வெடிச் சத்தத்துக்கு அழறான். காது நல்லாத்தான் இருக்கு." தவிலை உணர்கிற அதே உடம்புதான் அந்தக் கதவையும் உணர்கிறது! தரை அதிர்கிறது, பிள்ளை திரும்புகிறது. வீட்டில் தட்டைத் தட்டிப் பார்ப்பதை டெஸ்ட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து பாட்டி சொல்வது: "குமரகுருபரரே 5 வயசு வரைக்கும் பேசலை." உண்மைதான், அப்படித்தான் வரலாறு சொல்கிறது. ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை, திருச்செந்தூரில் வாய் திறந்து, பிறகு மதுரையில் திருமலை நாயக்கர் காலத்தில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேற்றினார். திருச்செந்தூருக்குத் தாராளமாகப் போயிட்டு வாங்க. ஆனால் 5 வயது வரை காத்திருக்காதீங்க. கேட்கும் பாதை மூளையில் நன்றாக அமைவதற்கான காலம் ஏறத்தாழ முதல் மூன்றரை வருடம். அதற்குள் ஒலி போகாவிட்டால் மூளை அந்த இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடும்.

1 மாதத்துக்குள் ஓ.ஏ.இ. பரிசோதனை, 3 மாதத்துக்குள் பெரா மூலம் உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை. இதுதான் கணக்கு. தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் தள்ளிப் போடவே கூடாது. காக்ளியர் இம்ப்ளான்ட் லட்சக்கணக்கில் ஆகும்தான். 6 வயதுக்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது.

எல்லாக் குழந்தைக்கும் இம்ப்ளான்ட் பொருந்தாது. அப்போது சைகை மொழி. "சைகை கத்துக்கொடுத்தா பேச்சே வராது சார்" என்பது பழைய பயம். 1880ல் மிலான் மாநாட்டில், பெரும்பாலும் காது கேட்கிற ஆசிரியர்களே கூடி, பள்ளிகளில் சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அதைத் திருத்த 2010 ஆனது. நம் ஊர்ப் பக்கம் 1890களிலேயே பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டார். இன்றைய 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சைகை மொழிக்கும் இடம் உண்டு. மூளைக்கு வேண்டியது ஒரு மொழி. கண் வழியாக வந்தாலும் அதற்குச் சம்மதம்தான்.

கேட்பவர்களுக்காக: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இந்த டெஸ்ட் இலவசம். குழந்தை தூங்கும்போதுதான் சரியாக வரும். அதனால வழியில தூங்க விடாம கூட்டிட்டு வந்து, இங்க வச்சுப் பால் கொடுத்துத் தூங்க வைங்க.